ஒரு கட்டம் நகர்ந்த சிப்பாய்

சதுரங்கப் பலகையில் செய்யக்கூடிய மிகச் சிறிய காரியம் எது என்று கேட்டால், ஓரத்தில் நிற்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளி வைப்பதுதான் என்று குழந்தைகள்கூடச் சொல்லிவிடும். வேறொன்றும் தோன்றாதபோது ஆடுகிற ஆட்டம் அது. எதிரே இருப்பவர், "சரி, இவருக்கு வழி தெரியவில்லை" என்று மனத்திற்குள் சிரித்துக்கொள்வார். அத்தகைய நகர்த்தல் ஒன்றை ஆரம்பத்திலேயே செய்த ஒருவர், தோல்வி என்பதையே அரிதாக அறிந்த ஒரு மகாவீரரை 65-வது நகர்த்தலில் பணிய வைத்த வரலாற்றை நேயர்களுக்கு இங்கே சொல்ல விரும்புகிறோம். அது நடந்த இடம் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹேஸ்டிங்ஸ் நகரம். காலம், 1930-ஆம் ஆண்டு முடிந்து 1931 பிறந்த கிறிஸ்துமஸ் விடுமுறை நாட்கள்.

அந்த வாரங்களில் லண்டன் நகரில் வேறொரு பெரிய ஆட்டமும் நடந்துகொண்டிருந்தது. முதலாவது வட்டமேஜை மகாநாடு 1930 நவம்பரில் கூடி, 1931 ஜனவரி வரையில் நீடித்தது. உப்பு சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்ட தலைவர்கள் சிறையிலிருந்தார்கள். காந்தியடிகள் எரவாடாவில் இருந்தார். இந்தியர்களுக்குத் தங்கள் காரியங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் ஆற்றல் உண்டா என்று மேலைநாட்டுப் பத்திரிகைகளில் பலர் பல விதமாக வாதித்துக்கொண்டிருந்தார்கள். அத்தருணத்தில் பஞ்சாப் கிராமவாசி ஒருவர், எவ்வித வாதமும் செய்யாமல், ஒரு மேஜையின் முன் மௌனமாக உட்கார்ந்து காய்களை நகர்த்தினார். அவர் பெயர் மீர் சுல்தான் கான்.

எதிராளி யார்?

எதிரே உட்கார்ந்திருந்தவர் கியூபா நாட்டைச் சேர்ந்த ஜோஸே ரவுல் காபாபிளாங்கா. 1921 முதல் 1927 வரையில் உலக சாம்பியனாக விளங்கியவர். 1916-ஆம் ஆண்டிலிருந்து 1924 வரை, எட்டு ஆண்டுக் காலம், பந்தயங்களில் ஓர் ஆட்டத்தில்கூட அவர் தோற்றதில்லை. அவரைச் 'சதுரங்க இயந்திரம்' என்றே அழைத்தார்கள். 1927-ல் அலெக்கைனிடம் பட்டத்தை இழந்த பிறகும், அவரை வெல்வது என்பது ஒருவனுடைய வாழ்நாள் முழுவதும் பேரன்மாருக்குச் சொல்லத்தக்க செய்தியாகவே இருந்தது.

ஹேஸ்டிங்ஸ் பந்தயத்தில் 10 பேர் ஆடினார்கள். ஹாலந்து தேசத்துக் கணித ஆசிரியர் மாக்ஸ் யூவே முதலிடம் பெற்றார். பின்னால் 1935-ல் அவரே உலக சாம்பியனாகவும் ஆனார். காபாபிளாங்கா இரண்டாவது; சுல்தான் கான் மூன்றாவது. காபாபிளாங்கா அப்பந்தயத்தில் தோற்றது ஒரே ஓர் ஆட்டம். அந்த ஓர் ஆட்டத்தை அவரிடமிருந்து பறித்தவர் சுல்தான் கான்.

நம் தேசத்து ஆட்ட முறை

சுல்தான் கான் பஞ்சாபில், ஸர்கோதா பிரதேசத்திலுள்ள மிட்டா திவானா என்னும் ஊரில் பிறந்தவர். ஒன்பது வயதில் தகப்பனாரிடம் ஆட்டத்தைக் கற்றார். அவர் கற்றது மேனாட்டுச் சதுரங்கம் அன்று. நம் தேசத்தில் வழிவழியாக ஆடிவந்த சதுரங்கம். இரண்டுக்கும் பலகை ஒன்றே, காய்களும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் விதிகளில் சில முக்கியமான வேறுபாடுகள் உண்டு.

மேனாட்டு ஆட்டத்தில் சிப்பாய் முதன்முறை புறப்படும்போது இரண்டு கட்டம் பாயலாம். நம் ஆட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. எப்போதும் ஒரு கட்டம்தான். மேனாட்டில் ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறி, ராஜா மூலையில் பத்திரமாக ஒதுங்கிக்கொள்வதற்கு வழி உண்டு. கோட்டை கட்டுவது என்று அதைச் சொல்கிறோம். நம் ஆட்டத்தில் அதற்குப் பதிலாக ராஜா ஒரு முறை மட்டும் குதிரையைப்போல் தாவலாம். ஆகையால் இந்திய ஆட்டம் மெதுவாகத் தொடங்கும். இரு தரப்பாரும் தத்தம் எல்லைக்குள்ளேயே படையை அணிவகுத்து, வேலி கட்டி, பிறகே கைகலப்பார்கள். முதற் பத்து நகர்த்தல்களை மனப்பாடம் செய்வதில் பிரயோஜனம் இல்லை. நடு ஆட்டத்தின் நெளிவு சுளிவுகளும், முடிவாட்டத்தின் பொறுமையுமே அங்கே பலம்.

இப்படிப் பழகியவரைப் பஞ்சாபின் பெரு நிலக்கிழாரான சர் உமர் ஹயாத் கான் தம் ஆதரவில் எடுத்துக்கொண்டு, மேனாட்டு விதிகளைக் கற்பிக்கச் செய்தார். 1928-ல் நடந்த அகில இந்தியப் பந்தயத்தில் ஒன்பது ஆட்டங்களில் எட்டில் வென்று, ஒன்றைச் சமன் செய்து சுல்தான் கான் முதலாவதாக வந்தார். 1929-ல் சர் உமர் அவரை லண்டனுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பயிற்சிக்காக நடந்த சிறு பந்தயத்தில் அவர் கடைசி வரிசையில் நின்றார். சதுரங்க நூல்களில் உள்ள ஆரம்ப ஆட்டங்கள் எதுவும் அவருக்குத் தெரியாது. வின்டர், யேட்ஸ் என்னும் இரு ஆங்கிலேய ஆட்டக்காரர்கள் அவருக்குச் சிறிது காலம் பயிற்சி அளித்தார்கள். அதே கோடையில் ராம்ஸ்கேட் நகரில் நடந்த பிரிட்டிஷ் சாம்பியன் பந்தயத்தில் அவர் முதல் பரிசு பெற்றபோது, ஆங்கிலேயச் சதுரங்க உலகம் திகைத்துப்போயிற்று.

பெயரின் வேடிக்கை

ஹேஸ்டிங்ஸ் ஆட்டத்தில் சுல்தான் கானுக்கு வெள்ளைக் காய்கள், காபாபிளாங்காவுக்குக் கறுப்பு. காபாபிளாங்கா தேர்ந்துகொண்ட தற்காப்பு முறைக்கு 'ராணிப் பக்கத்து இந்தியத் தடுப்பு' என்று பெயர். கியூபாக்காரர் ஒருவர் இந்தியரை எதிர்த்து இந்தியத் தடுப்பை ஆடுவானேன்? அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

அதற்கு நாம் கல்கத்தாவுக்குச் செல்ல வேண்டும். 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே வழக்கறிஞராக இருந்த ஜான் காக்ரேன் என்பவர் ஐரோப்பாவிலேயே பெயர் பெற்ற சதுரங்க வீரர். அவருக்குத் தக்க எதிராளி கல்கத்தாவிலிருந்த ஐரோப்பியர்களிடையே கிடைக்கவில்லை. வங்காளத்துக் கிராமப்புறத்தில் எவராலும் வெல்லப்படாத ஒரு பிராமணர் இருக்கிறார் என்று கேள்வியுற்று, அவரை வரவழைத்தார்கள். மகேசசந்திர பந்தியோபாத்தியாயர் என்பது அவர் பெயர். மேனாட்டு ஏடுகளில் 'மொகேஷ் சந்தர்' என்று காணப்படும். இருவரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார்கள். அவற்றுட் பல லண்டன் பத்திரிகைகளில் வெளியாயின.

அந்த வங்காளி, நடுக்கட்டங்களைச் சிப்பாய்களால் உடனே பிடித்துக்கொள்ளும் ஐரோப்பிய வழக்கத்தைப் பின்பற்றவில்லை. சிப்பாய்களை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, பக்கவாட்டில் பிஷப்பை ஒதுக்கி நிறுத்தி, அங்கிருந்தபடியே நடுப்பகுதியை நெடுங்கோணத்தில் குறி பார்த்தார். ஒரு கட்டச் சிப்பாயில் ஊறியவருக்கு அதுதானே இயற்கை? அக்காலத்து ஐரோப்பியர்கள் அதை ஒரு விநோதமாகவே கருதினார்கள். பிறகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிம்சோவிச் முதலிய புதுமைவாதிகள் அதே தத்துவத்தைக் கையாண்டு வெற்றி பெற்றபோது, அவ்வகைத் தடுப்புகளுக்கெல்லாம் 'இந்திய' என்னும் அடைமொழி நிலைத்துவிட்டது. காபாபிளாங்கா ஹேஸ்டிங்ஸில் எடுத்த ஆயுதம், எங்கோ ஓர் உலைக்களத்தில் நம்மவர் அடித்த இரும்புதான்.

ஆரம்ப நகர்த்தல்கள்

வீட்டில் பலகை வைத்திருப்பவர்கள் காய்களை அடுக்கிக்கொள்ளட்டும். நம் வீடுகளில் காய்களுக்குப் பல பெயர்கள் வழங்குவதால், குழப்பம் வாராதிருக்க ஒன்று சொல்லிவிடுகிறோம்: மூலையில் நிற்பதை யானை என்றும், கோணலாகச் செல்வதை பிஷப் என்றும், ராஜாவுக்கு அருகே நிற்கும் பெருங்காயை ராணி என்றும் இங்கே குறிப்பிடுகிறோம்.

1. வெள்ளை: ராஜா பக்கத்துக் குதிரை பிஷப்பின் மூன்றாம் கட்டத்திற்கு. கறுப்பு: அவ்வாறே.

2. வெள்ளை: ராணியின் சிப்பாய் இரண்டு கட்டம். கறுப்பு: ராணிப் பக்கத்துக் குதிரையின் முன் நிற்கும் சிப்பாய் ஒரு கட்டம்.

3. வெள்ளை: ராணிப் பக்கத்துப் பிஷப்பின் சிப்பாய் இரண்டு கட்டம். கறுப்பு: ராணிப் பக்கத்துப் பிஷப், சிப்பாய் விட்டுச் சென்ற கட்டத்திற்கு.

4. வெள்ளை: ராணிப் பக்கத்துக் குதிரை பிஷப்பின் மூன்றாம் கட்டத்திற்கு. கறுப்பு: ராஜாவின் சிப்பாய் ஒரு கட்டம்.

5. வெள்ளை: ராணிப் பக்கத்து யானையின் முன் நிற்கும் ஓரச் சிப்பாய் ஒரு கட்டம். கறுப்பு: ராணியின் சிப்பாய் இரண்டு கட்டம்.

6. வெள்ளை: பிஷப்பின் சிப்பாய் அதை வெட்டுகிறது. கறுப்பு: ராஜாவின் சிப்பாய் திரும்ப வெட்டுகிறது.

வெள்ளையின் ஐந்தாவது நகர்த்தலைக் கவனிக்க வேண்டும். நாம் முதலில் சொன்ன அந்த 'ஒன்றுமில்லாத' நகர்த்தல் இதுதான். கறுப்பு தன் ராஜா பக்கத்துப் பிஷப்பைக் குதிரையின் வரிசையில் முன்னே கொண்டுவந்து, வெள்ளைக் குதிரையை அசைய முடியாமல் கட்டிப்போட எண்ணலாம். குதிரை கட்டுண்டால் நடுக்கட்டங்களின் காவல் தளர்ந்துவிடும். ஓரச் சிப்பாய் ஒரு கட்டம் முன்வந்து நின்றுவிட்டால், அந்தப் பிஷப் அங்கே கால்வைக்க முடியாது. ஒரு நகர்த்தலைச் செலவழித்து, எதிரியின் மிக நல்ல திட்டத்தை அவன் தொடங்குமுன்பே வாசலில் நிறுத்திவிடுவது இதன் உட்கருத்து. அவசரக்காரருக்கு இது வீண் செலவு. வேலி கட்டிவிட்டு உழுகிறவருக்கு இது முதல் வேலை.

ஆட்டம் சென்ற வழி

அதன் பிறகு காய்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. காபாபிளாங்கா ராஜாவைக் கோட்டைக்குள் வைத்துக்கொண்டு, குதிரையைப் பலகையின் நடுவே நிறுத்தினார். சுல்தான் கானோ கடைசி வரையில் கோட்டை கட்டவே இல்லை. தமது குதிரையை முன்னே பாய்ச்சி எதிரியின் பிஷப் ஒன்றை மாற்றிக்கொண்டார். அந்த மாற்றத்தால் ராணிப் பக்கத்துப் பிஷப்பின் நெடுவரிசை கறுப்புக்குத் திறந்துவிட்டது. காபாபிளாங்கா தம் இரண்டு யானைகளையும் அவ்வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார். பார்ப்பவர்களுக்கு அது கறுப்பின் வெற்றிக்கு அடையாளமாகவே தோன்றியிருக்கும்.

சுல்தான் கான் மறுபக்கத்தில் தம் சிப்பாய்களைத் தள்ளிக்கொண்டு வந்தார். 20-வது நகர்த்தலில் கறுப்புக் குதிரை தன் ராஜா முதலில் நின்றிருந்த கட்டத்திற்கே பின்வாங்கிற்று. அடுத்த நகர்த்தலில் வெள்ளைப் பிஷப் ஒன்று, கறுப்பு யானையைத் தூரத்திலிருந்து குறி வைத்தது. காபாபிளாங்கா பின்வாங்கவில்லை. ஒரு யானையை வெள்ளையின் கடைசி வரிசை வரையில் பாய்ச்சி ராஜாவுக்கு முற்றுகை சொன்னார். வெள்ளை ராஜா ஓரடி முன்வந்தது. இரண்டாவது யானையும் பாய்ந்தது. முடிவில் கறுப்பு தன் இரண்டு யானைகளையும் கொடுத்து வெள்ளை ராணியை வெட்டிற்று.

ராணிக்கு ஒன்பது பங்கு பலம், யானைக்கு ஐந்து என்று ஆட்டக்காரர்கள் கணக்கிடுவது வழக்கம். அக்கணக்கில் இரண்டு யானைகளுக்கே சற்று மேன்மை. ஆனால் வெள்ளை ராஜா பலகையின் நடுவே திறந்த வெளியில் நிற்கிறது. கறுப்பின் ராணியோ நினைத்த இடத்திற்குப் பாயக்கூடியது. அந்நிலையில் ராணி கையிலுள்ளவர் பக்கம் பணயம் வைக்கவே பலரும் விரும்புவார்கள்.

இந்த இடத்தில்தான் மிட்டா திவானாவில் பயின்ற வித்தை உதவிற்று. ராஜாவுக்குக் கோட்டையில்லாத ஆட்டத்தில் வளர்ந்தவர், திறந்த வெளியில் நிற்கும் ராஜாவைக் கண்டு அஞ்சவில்லை. சிப்பாய்களையும் பிஷப்புகளையும் வேலியாக நிறுத்தி, ராணியின் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தார். எந்த நெடுவரிசை வழியே கறுப்பு யானைகள் பாய்ந்து வந்தனவோ, அதே வரிசையை இப்போது வெள்ளை யானைகள் சொந்தமாக்கிக்கொண்டன. கறுப்பு ராணிக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. பலகையின் மறு ஓரத்தில் ஒரு கட்டத்திற்கும் அடுத்த கட்டத்திற்குமாக, திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருந்தது. 20-வது நகர்த்தலில் பின்வாங்கிய கறுப்புக் குதிரை, நாற்பது நகர்த்தல்களுக்கு மேல் அங்கேயே காவல் நின்றது.

வெள்ளை ராஜா நிதானமாக ராணிப் பக்கத்திற்கு நடந்து சென்றது. ஐந்தாவது நகர்த்தலில் ஒரு கட்டம் வந்து நின்ற அந்த ஓரச் சிப்பாய் 40-வது நகர்த்தலில் மேலும் ஒரு கட்டம் நகர்ந்து, தன் பக்கத்துச் சிப்பாய் முன்னேறுவதற்குத் தோள் கொடுத்தது. பின்னர் வெள்ளை யானை கறுப்பின் எல்லைக்குள் இறங்கி, வழியை மறித்து நின்ற சிப்பாயை வெட்டிற்று. தடையற்ற வெள்ளைச் சிப்பாய் மறுகரையை நெருங்கியது. அது கரை சேர்ந்தால் ராணியாகிவிடும்; தடுப்பதற்கு ஆள் இல்லை. 65-வது நகர்த்தலில் காபாபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இந்த ஆட்டத்தில் கண்ணைப் பறிக்கும் பலியீடுகள் வெள்ளையின் பக்கத்தில் ஒன்றும் இல்லை. எதிரி செய்யக்கூடியதை ஒவ்வொன்றாக இல்லாமற் செய்து, இறுதியில் அவனுக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லாமற் செய்ததே இதன் அழகு. அத்தகைய மெதுவான முறையில் வெல்வதில் உலகிலேயே வல்லவர் என்று பெயரெடுத்தவர் காபாபிளாங்கா. அவருடைய சொந்த வித்தையிலேயே அவரை வென்றதுதான் இவ்வெற்றியின் தனிச் சிறப்பு என்பது நம் அபிப்பிராயம். காபாபிளாங்காவும் சிறியவர் அல்லர். ஆரம்ப நூல்களைக் கற்காமலே சாம்பியனான இவரிடம் அசாதாரணமான மேதை இருக்கிறது என்று அவர் மனம் திறந்து எழுதினார்.

யாருடைய பெயர்?

அந்த ஓரச் சிப்பாயின் கதை ஹேஸ்டிங்ஸோடு முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஸோவியத் வீரர் டிக்ரான் பெட்ரோஸியன் அம்முறையை விடாமல் ஆடினார். எதிரியின் திட்டத்தை முளையிலேயே தடுப்பதில் அவருக்கு நிகரில்லை. 1963 முதல் 1969 வரை உலக சாம்பியனாகவும் இருந்தார். அதனால் நூல்களில் அது 'பெட்ரோஸியன் முறை' என்று பெயர் பெற்றது. 1980-க்குப் பிறகு இளைஞரான காரி காஸ்பராவ் அதையே தாக்குதலுக்கு ஆயுதமாக்கினார். 1983-ல் நிக்ஷிச் நகரில் ஹங்கேரி வீரர் போர்ட்டிஷை அவர் வென்ற ஆட்டம் மிகவும் புகழ் பெற்றது. அதில் வெள்ளையின் ஆறாவது நகர்த்தல் முடிந்தவுடன் பலகையில் தோன்றும் நிலை, ஹேஸ்டிங்ஸில் சுல்தான் கானும் காபாபிளாங்காவும் கண்ட அதே நிலைதான். ஒரு சிப்பாய்கூட வேறுபடாது. போர்ட்டிஷ் குதிரையால் வெட்டினார்; காபாபிளாங்கா சிப்பாயால் வெட்டினார். அவ்வளவே வித்தியாசம். 1930-ல் நாட்டுப்புறத்தாரின் தயக்கம் என்று கருதத்தக்கதாயிருந்தது, அரை நூற்றாண்டில் உலக சாம்பியன்களின் சாஸ்திரமாகிவிட்டது.

சுல்தான் கானுக்கு என்ன கிடைத்தது? 1931 ஜனவரியில் டார்ட்டாகோவருடன் நடந்த தனிப் போட்டியில் வென்றார். 1932-லும் 1933-லும் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை மீண்டும் பெற்றார். ஹாம்பர்க், பிராஹா, ஃபோக்ஸ்டன் ஆகிய மூன்று ஒலிம்பியாட் பந்தயங்களில் இங்கிலாந்து அணிக்கு முதற்பலகையில் ஆடினார். அடிமை நாட்டான் என்று கருதப்பட்ட ஒருவர், ஆளும் நாட்டின் மானத்தைக் காக்க முதல் நாற்காலியில் உட்கார்ந்தார்! இத்தனையும் மலேரியாவும் தொண்டை நோயும் அடிக்கடி வாட்ட, கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு ஆடி அடைந்த வெற்றிகள்.

1933-ல் அமெரிக்க அணியினர் சர் உமரின் லண்டன் மாளிகைக்கு விருந்துண்ணச் சென்றபோது, சுல்தான் கானே தங்களுக்கு உணவு பரிமாறினார் என்று அவ்வணியைச் சேர்ந்த ரூபன் ஃபைன் எழுதியிருக்கிறார். அவர் எழுத்தறியாத வேலைக்காரர் என்று மேனாட்டு நூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. அவருடைய குடும்பத்தார் அதை வன்மையாக மறுத்திருக்கிறார்கள். ஆங்கிலம் அறியாதவரை எழுத்தறியாதவர் என்று சொல்லிவிடுவது அக்காலத்தில் எளிதாக நடந்த காரியந்தான். மாளிகைக்குள் அவருடைய நிலை எதுவாயினும், எப்போது கப்பலேறுவது, எப்போது திரும்புவது என்பது அவர் கையில் இல்லை. 1933 டிசம்பரில் எஜமானர் ஊர் திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். ஐரோப்பாவில் அவர் ஆடிய காலம் மொத்தம் ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவு. 1935-ல் காடில்கருடன் பத்து ஆட்டங்கள் ஆடி, ஒன்பதில் வென்று ஒன்றைச் சமன் செய்தார். அதன் பிறகு பெரிய பந்தயங்களில் அவரைக் காணவில்லை.

1950-ல் சர்வதேசச் சதுரங்க சம்மேளனம் முதன்முதலாக 27 பேருக்கு கிராண்ட் மாஸ்டர் பட்டம் அளித்தது. அப்பட்டியலில், அவரிடம் தோற்ற டார்ட்டாகோவர் இருந்தார், ரூபின்ஸ்டைன் இருந்தார், ஃப்ளோர் இருந்தார். ஸர்கோதாப் பக்கத்தில் உயிரோடிருந்த சுல்தான் கானின் பெயர் இல்லை. 1966-ல் அவர் அங்கேயே காலமானார். 1988-ல் விசுவநாதன் ஆனந்த் பட்டம் பெற்று, இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். சுல்தான் கானுக்கு 2024 பிப்ரவரியில்தான், அவர் மறைந்து ஏறத்தாழ 58 ஆண்டுகள் ஆனபிறகு, கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் வழங்கப்பட்டது. அவர் ஊர் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானில் சேர்ந்தபடியால், அந்நாட்டின் முதல் கிராண்ட் மாஸ்டர் என்ற பெயர் அவருக்கு உண்டாயிற்று. அதில் நாம் வருந்த ஒன்றுமில்லை. அவர் ஆடிய நாளில் தேசம் ஒன்றாக இருந்தது. அவர் கற்ற ஆட்டம் இரு நாட்டாருக்கும் பொதுச் சொத்து.

பட்டம் தாமதமாக வந்தது. நகர்த்தலுக்கோ வேறொருவர் பெயர் நிலைத்துவிட்டது. ஆயினும் அந்த ஆட்டத்தின் 65 நகர்த்தல்களையும் யாரும் மாற்றி எழுத முடியாது. விடுமுறை நாள் ஒன்றில் மேலே சொன்ன ஆறு நகர்த்தல்களையும் குழந்தைகளோடு பலகையில் ஆடிப் பாருங்கள். ஐந்தாவதில் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் வைத்தவுடன், "இது எதற்கு?" என்று அவர்கள் நிச்சயம் கேட்பார்கள். அப்போது கல்கத்தாப் பிராமணரையும் மிட்டா திவானா இளைஞரையும் பற்றிச் சொல்லுங்கள்.